பீட்சா டெலிவரி பையனுக்கு யாருங்க பொண்ணு குடுப்பா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. சினிமாவும் இருக்கு, ஊர்க்கதையும் இருக்கு. 'பீட்சா' படம் இன்னும் பாக்காம யாராச்சும் மிச்சம் இருந்தீங்கன்னா, நடுவுல கதையைப் போட்டு உடைச்சிருக்கேன். அப்புறம் என்னைத் திட்டப்படாது.

போன மாசம் எங்க சித்தி மகனுக்குப் பொண்ணு பாக்கப் போயிருந்தோம். தூத்துக்குடிக்குள்ளயேதான், திரேஸ்புரம் பக்கம். ஒரு ஆட்டோ, ரெண்டு பைக். ரெண்டாம் கேட்டுல வழக்கம்போல கேட்டைப் போட்டுட்டான். நல்ல காரியத்துக்குப் போகும்போது கேட் அடைச்சா நல்ல சகுனமா கெட்ட சகுனமான்னு சித்தியும் பெரியம்மாவும் ஆட்டோக்குள்ள ஒரு பட்டிமன்றமே நடத்தி முடிச்சிட்டாங்க. ரயில் போன பாடில்லை.

ஒருவழியா போய்ச் சேந்தோம். பொண்ணோட பெரியப்பா கேட்டாரு: "மாப்ள என்ன சோலி பாக்காரு?"

சித்தப்பா ஒரு செகண்டு கூட யோசிக்கல. "லாஜிஸ்டிக்ஸ் அண்ணாச்சி."

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விளக்கம். தூத்துக்குடியில லாஜிஸ்டிக்ஸ்னு சொன்னா அதுக்கு ஒரு தனி மருவாதி. ஹார்பர், கன்டெய்னர், ஷிப்பிங் ஆபீஸ், சுங்கத்துல பேப்பர் போடுற ஏஜென்சி... ஊர்ல பாதிப் பேரு சோறு திங்கறதே அதுலதான். பெரியப்பா நிமிந்து உக்காந்துட்டாரு. "அப்படியா, எந்த சி.எஃப்.எஸ்?" (கன்டெய்னரைப் பிரிச்சு ஏத்தி இறக்குற யார்டுக்கு இங்க அப்படித்தான் பேரு.)

நம்மாளு சும்மா இருந்திருக்கலாம்ல? "சி.எஃப்.எஸ் எல்லாம் இல்ல மாமா. வீடு வீடா சாப்பாடு கொண்டு குடுக்கேன். முன்னாடி பீட்சா கடையில டெலிவரி பாத்தேன், இப்போ ஆப்புல ஓடுதேன்."

ஹால்ல மூச்சுச் சத்தம் கூட இல்ல. உள்ரூம்ல இருந்து மட்டும் ஒரு சிரிப்பு, சட்டுனு வாயப் பொத்துன மாதிரி. பொண்ணுதான்னு பிறகு தெரிஞ்சுது. கேசரி வந்துச்சு, மிச்சர் வந்துச்சு. "சொல்லி அனுப்புதோம்"னு அனுப்பி வச்சாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது எனக்கு இந்த யோசனை. சோறு கொண்டு வர்றவனை நாம அறுபது வருசமா சினிமாவுல ஹீரோவா ஏத்துக்கிட்டு விசில் அடிக்கோம். ஆனா நடு வீட்டுல பாய் போட்டு உக்காரச் சொல்லும்போது மட்டும் ஏன் கை நடுங்குது? வீட்டுக்கு வந்து பழசையெல்லாம் கிளறிப் பாத்தேன். அதுதான் இந்தப் பதிவு.

1964: கையில அடுக்கின டம்ளர்

நம்ம ஆளுங்களுக்கு மூத்தவரு யாருன்னு கேட்டா சந்தேகமே இல்லாம சுந்தரம்தான். 'சர்வர் சுந்தரம்', 1964 டிசம்பர். கே.பாலசந்தர் மேடை நாடகமா எழுதினதை ஏவி.எம். படமா எடுத்தது, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. நாகேஷ் ஹீரோ. அதே 1964ல பிப்ரவரியிலதான் 'காதலிக்க நேரமில்லை' வந்துச்சு. ஸ்ரீதரோட அந்தப் படம் கலர், ஜாலி, கார், எஸ்டேட். அதுலயும் நாகேஷ் கலக்கியிருப்பாரு. வருசக் கடைசியில அதே மனுசன் கறுப்பு வெள்ளையில ஒரு ஹோட்டல் சர்வரா வந்து நின்னாரு. ஒரே வருசத்துல ரெண்டு காதல் காமெடி. ஒண்ணு முதலாளி வீட்டு மாடியில நடக்குது, இன்னொண்ணு ஹோட்டல் மேசைக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருக்கு.

கதை தெரியும்தானே? சர்வர் சுந்தரத்துக்கு ராதா மேல (கே.ஆர்.விஜயா) காதல். ராதா ஹோட்டல் முதலாளி மகள். அவ சிரிச்சுப் பேசுறதை இவன் வேற மாதிரி எடுத்துக்கிறான். நண்பன் ராகவன் (முத்துராமன்) உதவியில சினிமா நடிகனாகிப் பெரிய ஆளாயிடுறான். இப்போ நமக்குத் தகுதி வந்துருச்சுன்னு போய் நின்னா, ராதா விரும்புறது ராகவனை. ஷூட்டிங் பரபரப்புல அம்மாவோட கடைசி நேரத்துல கூட இருக்க முடியாமப் போயிடுது. நடிப்பே வேண்டாம்னு விட்டுட்டு மறுபடியும் சர்வர் வேலைக்கே போயிடுறான்.

எனக்கு இந்த முடிவு மேல சின்ன வயசுல இருந்தே ஒரு கோபம். அழுகை வர்றது உண்மை. ஆனா யோசிச்சுப் பாருங்க, சர்வர் சர்வராவே திரும்பிப் போறதைத்தான் 'உயர்ந்த முடிவு'ன்னு நமக்குக் காட்டுறாங்க. முதலாளி மகளை ஆசைப்பட்டவன் கடைசியில தன்னோட தட்டு டம்ளர்கிட்ட ஒழுங்கா வந்து சேந்துட்டான், எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போங்க! எங்க அப்பாகிட்ட இதைச் சொன்னா அடிக்க வருவாரு. அவருக்கு அது காவியம். இந்தியில 1971ல மெஹ்மூத் நடிக்க இதையே 'மெய்ன் சுந்தர் ஹூன்'னு எடுத்தாங்க.

நாகேஷ் சினிமாவுக்கு வரும் முன்னாடி ரயில்வேயில வேலை பாத்தவர். வசதியா வந்து ஏழையா நடிச்சவர் கிடையாது. அந்த டம்ளர் அடுக்குற சீன்ல ஒரு சர்வரோட உடம்பு எப்படி வளையும், கண்ணு எங்க இருக்கும், கை எங்க இருக்கும்னு ஒவ்வொண்ணும் சரியா இருக்கும். ஒரு வேலையை இவ்வளவு கிட்டத்துல போய்ப் பாத்த தமிழ் காமெடி அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

நடுவுல 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' காமேஸ்வரனை விட்டுடக் கூடாது. கல்யாணச் சமையல்காரன், பாலக்காட்டுப் பேச்சு, ஊர்வசி மேல காதல், சாம்பாருக்குள்ள மீன். இங்க காதல் ஜெயிக்குது. ஆனா கமல் நாலு பேரா வந்ததால காமேஸ்வரனோட சம்பளம், கடன் பத்தியெல்லாம் நாம கவலைப்பட நேரமில்ல. சிரிச்சே செத்தோம்.

பீட்சா வந்த கதை

டெல்லியில நிருலாஸ் மாதிரி இடத்துல பீட்சா அதுக்கு முன்னாடியே உண்டு. ஆனா வீட்டுக்கு வண்டியில கொண்டு வர்ற பீட்சா இந்தியாவுல பெரிசாப் பரவ ஆரம்பிச்சது 1996ல. அந்த வருச ஆரம்பத்துல டெல்லியில டோமினோஸ், நடுவுல பெங்களூர்ல பீட்சா ஹட். கூடவே வந்துச்சு அந்த முப்பது நிமிசக் கணக்கு.

இந்தக் கணக்குக்கு ஒரு பின்கதை இருக்கு. டோமினோஸ் 1960ல அமெரிக்காவுல மிச்சிகன் பக்கம் ஆரம்பிச்ச கம்பெனி. அங்க முப்பது நிமிச உத்தரவாதத்தை வச்சே பெரிசா வளந்தாங்க. நேரத்துக்குப் போகணும்னு டெலிவரி பசங்க ஓட்டுன ஓட்டத்துல விபத்து, வழக்கு, பெரிய நஷ்டஈடு. கடைசியில 1993ல அமெரிக்காவுல அந்த உத்தரவாதத்தையே கைவிட்டாங்க. அங்க கைவிட்டது மூணு வருசத்துல இங்க வந்து இறங்குன கம்பெனிக்குப் பின்னால விளம்பரமாச்சு. நாம டிவியில பாத்துட்டு 'அட, லேட்டா வந்தா ஓசி'ன்னு கடிகாரத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தோம். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் ரயில் எப்போ போகும்னு பாத்துட்டு நிக்கிறதை எவன் நினைச்சான்?

ஹாலிவுட்டுக்கு இந்தப் பையன் பழைய பழக்கம். 1989ல 'லவர்பாய்'னு ஒரு காதல் காமெடி, ஹீரோ பீட்சா டெலிவரி பையன். 2004ல 'ஸ்பைடர்மேன் 2' ஆரம்பமே நம்ம பீட்டர் பார்க்கர் பீட்சாவைத் தூக்கிட்டு ஓடுறதுதான். உலகத்தையே காப்பாத்துறவனுக்கு அந்த டப்பாவை நேரத்துக்குச் சேக்க முடியல, வேலை போயிடுது. அந்தப் படத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச சீன் அதுதான்.

எங்க ஊருக்கு இந்த மாதிரி வெளிநாட்டுத் தீனி ஒண்ணும் புதுசு கிடையாது. போர்த்துகீசியன் 1530களிலேயே இந்தக் கரைக்கு முத்துக்காக வந்துட்டான். 1658ல டச்சுக்காரன், பிறகு வெள்ளைக்காரன். மக்ரூன்னு ஒரு பண்டம் எங்க ஊர்ல பிரபலம், முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. வாயில வச்சா கரைஞ்சிரும். பேரே கடல் தாண்டி வந்ததுதான். தூத்துக்குடியில இருந்து யாரு வெளியூர் போனாலும் பையில ஒரு மக்ரூன் பாக்கெட் இருக்கும், நொறுங்காமக் கொண்டுபோய்ச் சேக்கறது தனிக் கலை. (எங்க ஊரோட முதல் டெலிவரி சர்வீஸ் அதான்னு நான் சொல்லுவேன்.)

அப்புறம் நைட் கிளப். புதுசா வர்றவங்க தூத்துக்குடியில போர்டைப் பாத்துட்டு மிரண்டுடாதீங்க. எங்க ஊர்ல நைட் கிளப்னா பரோட்டா கடை. டான்ஸ் எல்லாம் கிடையாது, சால்னா மட்டும்தான் :) பழைய காலத்துல ஹோட்டலை காபி கிளப்பு, கிளப்புக் கடைன்னுதான் சொல்லுவாங்க. ராத்திரி நடக்குற கிளப்புக் கடை நைட் கிளப் ஆகியிருக்கணும்ங்கிறது என்னோட ஊகம். சர்வர் சுந்தரம் காலத்து வார்த்தை இங்க இன்னும் போர்டுல தொங்குதுன்னு நினைச்சா ஒரு சந்தோசம்.

2012: மைக்கேல்னு ஒருத்தன்

'பீட்சா' 2012 அக்டோபர் 19ம் தேதி ரிலீஸ். கார்த்திக் சுப்பராஜுக்கு முதல் படம். மனுசன் சாப்ட்வேர் வேலையில இருந்து, 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்து, அங்கிருந்து வந்தவர். தயாரிப்பு சி.வி.குமார். இதே குமார்தான் அதே வருசம் ஆகஸ்ட்ல பா.ரஞ்சித்தோட 'அட்டகத்தி'யைக் கொண்டு வந்தவர். ரெண்டுக்கும் இசை சந்தோஷ் நாராயணன். நவம்பர் கடைசியில 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. நாலு மாசத்துக்குள்ள மூணு சின்னப் படம், மூணும் ஓடுச்சு. பெரிய ஹீரோ இல்ல, வெளிநாட்டுப் பாட்டு இல்ல. டிஜிட்டல் கேமரா வந்து பிலிம் செலவு குறைஞ்சதும், பெட்டி பெட்டியா பிரிண்ட் போட வேண்டிய அவசியம் இல்லாமப் போனதும் இவங்களுக்குக் கதவைத் திறந்து விட்டுச்சு. முன்னாடியெல்லாம் சின்னப் படம்னா எங்க ஊருக்கு வந்து சேரும்போது பாதிக் கதை பேப்பர்லயே வந்திருக்கும்.

அந்த ராத்திரி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. செகண்ட் ஷோ. ஹீரோ பேரு மைக்கேல்னு சொன்னதும் தியேட்டர்ல ஒரே சத்தம். ஏன்னா கேக்கறீங்க? பீச் ரோட்டுல நின்னு "ஏலே மைக்கேலு"ன்னு ஒரு குரல் குடுங்க, பத்துப் பேரு திரும்பிப் பாப்பான். படத்துல பாதி நேரம் விஜய் சேதுபதி ஒரு டார்ச் லைட்டோட இருட்டு பங்களாவுக்குள்ள அலையுறாரு. படம் முடிஞ்சு வெளியே வந்தா ஊரே இருட்டு. கரண்ட் கட்! 2012ல தமிழ்நாடு பூரா அதுதானே கதை. ஐந்து யூனிட்டு, ஆயிரத்து ஐம்பது மெகாவாட் அனல்மின் நிலையத்தை ஊருக்குள்ள வச்சுக்கிட்டு நாங்க செல்போன் வெளிச்சத்துல பைக்கைத் தேடிட்டு இருந்தோம். எவனோ ஒருத்தன் இருட்டுல "நித்யா..."ன்னு கூப்பிட்டான் பாருங்க, மூணு பேரு செருப்பை விட்டுட்டு ஓடிட்டாங்க. அதுல ஒருத்தன் நான்.

எல்லாரும் அதைப் பேய்ப் படம்னுதான் சொல்றாங்க. இல்லீங்க. பேயை எடுத்துட்டுப் பாருங்க, உள்ள இருக்கறது ஒரு ஏழைக் காதல் ஜோடியோட காமெடி. மைக்கேல் பீட்சா கடையில வேலை. அனு (ரம்யா நம்பீசன்) பேய்க் கதை எழுத நினைக்கிற பொண்ணு. ஒண்ணா ஒரு வீட்ல வாழ்றாங்க, அவ கர்ப்பம். கையில காசு இல்ல. ஒருநாள் முதலாளி வீட்ல சேத்துடச் சொல்லிக் குடுத்துவிட்ட பொட்டலத்துக்குள்ள வைரம் இருக்கறதை மைக்கேல் பாத்துடறான். (இதுக்கு மேல உடைச்சாச்சு, படிக்காதவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க.) அந்த பங்களா, அந்த ராத்திரி, அந்த நித்யா எல்லாமே அனு எழுதின கதை. முதலாளி நம்பணும்னு ரெண்டு பேரும் சேந்து நடத்துன நாடகம்.

சுந்தரத்துக்கும் மைக்கேலுக்கும் நடுவுல நாற்பத்தெட்டு வருசம். சுந்தரம் முதலாளி மகளை ஆசைப்பட்டான், தோத்தான், திரும்பி வந்து டம்ளரைத் தூக்கினான். மைக்கேல் முதலாளி மகளைத் திரும்பிக் கூடப் பாக்கல. அவனுக்குப் பொண்ணு ஏற்கெனவே வீட்ல இருக்கா, அவன் தூக்குனது பொட்டலத்தை. தப்புதான், திருட்டுதான். ஆனா தியேட்டர்ல ஒருத்தன் கூட முதலாளிக்காக 'உச்' கொட்டல. எனக்கு அன்னைக்கு ராத்திரி பேயை விட அதுதான் ஆச்சரியமா இருந்துச்சு.

இன்னொரு விசயம். சின்ன பட்ஜெட் டைரக்டருக்கு டெலிவரி பையன் மாதிரி ஒரு வரம் கிடையாது. போலீசுக்கு அடுத்தபடியா எந்த வீட்டுக் கதவையும் எந்த நேரத்துலயும் தட்டக்கூடியவன் அவன்தான். ஒரு பைக், ஒரு டப்பா, ஒரு காலிங் பெல், கதை ரெடி. கதவுக்கு அந்தப் பக்கம் சண்டை நடக்கலாம், கல்யாணம் நடக்கலாம், பேயே வந்து சில்லறை குடுக்கலாம். செட்டு போட வேண்டாம். ஊரே செட்டு.

மூணுல ஒரு பங்கு

இப்போ கொஞ்சம் கடல் பக்கம் போவோம், காரணம் இருக்கு.

எங்க கரையில கடைசியா முத்துக் குளிப்பு நடந்தது 1961ல. 1955ல ஆரம்பிச்ச அந்த வரிசையோட முடிஞ்சுது, பிறகு நடக்கவே இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல முத்துக் குளிக்கிறவனுக்கு நாள் சம்பளம்னு கிடையாது. இடுப்புல கயிறு, காலுக்குக் கல்லு, கழுத்துல பை. ஒரு மூச்சுல இறங்கி அள்ளிட்டு வரணும். எடுத்த சிப்பியில ரெண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு இவனுக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் சிப்பி இன்ன விலைன்னு திறக்காமலே ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருக்கா இல்லையான்னு எவனுக்கும் தெரியாது. மூச்சு மட்டும் இவனோடது.

எங்க தம்பி ஓட்டுற ஆப்புக் கணக்கை ஒருநாள் உக்காந்து கேட்டேன். சம்பளம்னு கிடையாது. ஆர்டருக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு, இத்தனை ஆர்டர் முடிச்சா இன்சென்டிவ். பெட்ரோல் அவனோடது, பைக்கு அவனோடது, பஞ்சரும் அவனோடது. "என்ன ஆர்டர், எவ்வளவு கிடைக்கும்னு முன்கூட்டியே தெரியுமாடே?"ன்னேன். "எல்லா நேரமும் தெரியாதுண்ணே, எடுத்தாத்தான் தெரியும்"னான். எனக்கு அந்தத் திறக்காத சிப்பிதான் ஞாபகம் வந்துச்சு.

இன்னொண்ணும் சொன்னான். ஞாயித்துக்கிழமை லீவு போட்டா அந்த வாரத்து இன்சென்டிவ் மொத்தமும் அடிபடும். ஊரே வீட்ல உக்காந்து ஆர்டர் போடுற நாள் அதுதானே.

1908 பிப்ரவரி கடைசியில இதே ஊர்ல கோரல் மில் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் செஞ்சாங்க. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்னாங்க. கூலி உயர்வோட சேத்து அவங்க கேட்டதுல முக்கியமானது வார லீவு, ஞாயித்துக்கிழமை. ஒம்பது நாள்ல ஜெயிச்சாங்க. வ.உ.சி. 1906ல கப்பல் கம்பெனி ஆரம்பிச்சதை எல்லாரும் பேசுறோம், ஹார்பருக்கே 2011ல அவர் பேரை வச்சாச்சு. அந்த ஞாயித்துக்கிழமையை வாங்கிக் குடுத்ததைப் பத்தி ஏன் அவ்வளவாப் பேசுறதில்லன்னு தெரியல. நூறு வருசம் கழிச்சு அதே ஊர்ல எங்க வீட்டுப் பையன் ஞாயித்துக்கிழமை பத்தரை மணிக்கு வண்டியை எடுத்துட்டுக் கிளம்புறான். பிரியாணி டப்பாவோட கோரல் மில் பக்கமாத்தான் போறான், அது வேற.

சட்டமே இல்லன்னு சொல்லல. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்துல இவங்களுக்கு ஒரு பேரு வச்சாங்க. தமிழ்நாட்டுல 2023 சுதந்திர தினத்தன்னைக்கு இவங்களுக்குத் தனி நலவாரியம்னு முதல்வர் அறிவிச்சாரு. தம்பிகிட்ட பதிஞ்சியான்னு கேட்டேன். "பதியணும்ணே, அதுக்கு ஒருநாள் லீவு போடணும்ல"ன்னான்.

காக்காமுட்டையும் பழமும்

பீட்சாவை அந்தப் பக்கத்துல இருந்து பாத்த படம் 'காக்கா முட்டை'. மணிகண்டன் இயக்கம், தியேட்டருக்கு வந்தது 2015 ஜூன். கூவம் கரையோரத்து ரெண்டு பசங்க, ஒரு பீட்சா திங்கணும்னு ஆசை. கரி பொறுக்கிக் காசு சேத்து, நல்ல சட்டையும் போட்டுட்டுப் போனா வாசல்லயே அறை விழுது. சிறந்த குழந்தைகள் படம்னு தேசிய விருது, அந்த ரெண்டு பசங்களுக்கும் விருது. கடைசியில பீட்சாவைத் தின்னுட்டு, ஆயா சுட்ட தோசையே நல்லாருந்துச்சுன்னு மூஞ்சியச் சுளிக்கிறாங்க பாருங்க, அந்த ஒரு நிமிசத்துக்காக எத்தனை தடவை வேணும்னாலும் பாப்பேன். எனக்கு ஒரே ஒரு குறை. அந்தக் கடையில யூனிபார்ம் போட்டு நிக்கிறவனும் பெரும்பாலும் அதே மாதிரி ஒரு ஏரியாவுல இருந்து வந்தவன்தானே? அவன் பக்கத்தை யாராச்சும் எடுக்கணும்.

அதுக்கு ஏழு வருசம் கழிச்சு 2022 ஆகஸ்ட்ல 'திருச்சிற்றம்பலம்'. மித்ரன் ஜவஹர் படம். இதைச் சின்னப் படம்னு சொல்ல முடியாது, தனுஷ், அனிருத், சன் பிக்சர்ஸ் எல்லாம் இருக்கு. ஆனா மனசு சின்னப் படத்தோட மனசு. பழம்னு கூப்பிடுற திருச்சிற்றம்பலம் ஒரு டெலிவரி பையன். அப்பா பிரகாஷ்ராஜ் போலீஸ், தாத்தா பாரதிராஜா. ஒரு பொண்ணை விரும்புறான், நடக்கல. இன்னொரு பொண்ணை விரும்புறான், அதுவும் நடக்கல. சின்ன வயசுல இருந்து கீழ் வீட்ல இருக்குற ஷோபனா (நித்யா மேனன்) கண்ணுக்கே தெரியல. நித்யா மேனனுக்கு இந்தப் படத்துக்குத்தான் தேசிய விருது கிடைச்சுது. (பத்து வருசம் முன்னாடி இருட்டுல எவனோ கூப்பிட்ட நித்யா இவங்கதான் போல!)

இதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு. பழம் பெரிய ஆளாகிக் காட்டினாத்தான் காதல்ங்கிற நிபந்தனை ஷோபனாகிட்ட கிடையாது. சுந்தரம் சினிமா ஸ்டாரானாலும் கிடைக்காதது, மைக்கேல் வைரத்தைத் தூக்க வேண்டி வந்தது, இவனுக்கு டெலிவரி பேக்கோட நிக்கும்போதே கிடைச்சுது. அவனைப் பிறந்ததுல இருந்து பாத்த ஒருத்தி வேணும், அவ்வளவுதான்.

ஆனா நிஜத்துல பொண்ணு பாக்கப் போற வீட்ல அப்படி யாரு இருக்கா? அங்க இருக்கறது பெரியப்பாதான்.

சொல்லி அனுப்பினாங்க

பத்து நாளா ஒரு தகவலும் இல்ல. சித்தி வேற ஜாதகக் கட்டைத் தூக்கிட்டாங்க. பதினொண்ணாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு தம்பி ஆர்டரை முடிச்சுட்டு வந்தா, வீட்டு வாசல்ல பொண்ணோட அண்ணன் உக்காந்திருக்காப்ல. சங்குக் குளிக்கப் போறவரு. கண்ணெல்லாம் உப்புத்தண்ணியில சிவந்திருக்கும், பாத்தாலே கொஞ்சம் பயமா இருக்கும்.

முத்துக் குளிக்கிற காலத்துல மேல படகுல நின்னு கயிறு பிடிக்கிறது மச்சான்தான்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. தங்கச்சி தாலியை நினைச்சு அவன் கயிறை விடமாட்டானாம். மலையேறப் போனாலும் மச்சான் துணை வேணும்ங்கிறது மலைக்காரன் பேச்சு, எங்களுக்கு அது கடல்.

அவரு கேட்டது மூணே கேள்வி.

"தெனமும் இந்நேரம் ஆவுமா?"

"ஆவும் மச்சான். சில நாளு பன்னெண்டு கூட ஆவும்." (கல்யாணமே முடிவாகல, அதுக்குள்ள மச்சானாம்!)

"தண்ணி கிண்ணி?"

"கிடையாது."

"அன்னைக்கு அந்த லாஜிஸ்டிக்ஸ ஏன் நீயே உடைச்ச?"

தம்பி தலையைச் சொறிஞ்சான். "உங்க தெருவுக்கு வாரத்துக்கு நாலு ஆர்டர் வரும் மச்சான். எப்படியும் தெரிஞ்சிரும்லா."

அவரு சிரிச்சாரு. அந்த வீட்டுச் சிரிப்பு போல, அதே மாதிரி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பு. அவரு வெள்ளென மூணு மணிக்குக் கடலுக்குப் போகணுமாம், கிளம்பிட்டாரு. போகும்போது, தான் வேண்டாம்னு சொல்ல வரலைன்னும், தங்கச்சி ரெண்டு நாளா சாப்பிடாம உக்காந்திருக்கான்னும், பெரியப்பாவைத் தான் பாத்துக்கிடுதேன்னும் சொல்லிட்டுப் போனாரு.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு ஆப்புல லாகின் பண்ணலைன்னா இன்சென்டிவ் போயிடும், சாயந்திரத்துக்கு மேல ஒரு நாலு மணி நேரம் மட்டும் ஓட்டிட்டு வந்துடட்டுமான்னு தம்பி கேட்டுட்டு இருக்கான். சித்தி விளக்கமாத்தைத் தேடிட்டு இருக்காங்க.